எடை சரிதான், உடம்பு சரியா?

ரயில் நிலையங்களில் காசு போட்டால் அட்டை தள்ளும் எடை இயந்திரத்தில் ஏறி நிற்காதவர்கள் குறைவு. வண்ண விளக்குகள் மின்னும், சக்கரம் சுழலும், சிறிது நேரத்தில் 'டக்'கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கத்தில் எடை. மறு பக்கத்தில் ஜோசியம். ஜோசியத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, எடையை மட்டும் நம்பிக்கொண்டு வண்டி ஏறுவது வழக்கம். உண்மையில் அந்த எடையும் பாதிச் சேதிதான்.

62 கிலோ என்கிறது அட்டை. அந்த 62 கிலோவில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு? அதை இயந்திரம் சொல்வதில்லை. பஞ்சு மூட்டையும் 10 கிலோ இருக்கலாம், நெல் மூட்டையும் 10 கிலோ இருக்கலாம். இரண்டும் ஒன்றாகிவிடுமா?

நம்மவர்களின் தேக அமைப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி வீண் கேள்வி அல்ல என்பது புரியும். கையும் காலும் குச்சி போல. நடுவில் மட்டும் குடம் போல ஒரு தொந்தி. சட்டை போட்டால் ஒல்லியான மனிதர். சட்டையைக் கழற்றினால் வேறு மனிதர்! நாற்பது வயதில் இப்படி இருப்பது 'குடும்பஸ்தன் களை' என்று பெருமையாகவும் பேசப்படுகிறது. சர்க்கரை வியாதி வந்த பிறகு அதே மனிதர், "நான் ஒன்றும் குண்டு இல்லையே, எனக்கு எப்படி வந்தது?" என்று டாக்டரைக் கேட்கிறார்.

இரண்டு டாக்டர்கள்

இந்தக் கேள்விக்கு இரண்டு டாக்டர்கள் தங்கள் உடம்பையே சாட்சியாக வைத்து விடை சொன்னார்கள். ஒருவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின். 2004-ம் ஆண்டு 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் இருவரும் சேர்ந்து தங்கள் படத்தை வெளியிட்டார்கள். எடையை உயரத்துக்கு ஏற்றபடி கணக்கிடும் 'பி.எம்.ஐ.' என்ற அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவருமே 'சரியான எடை' உள்ளவர்கள். ஆனால், எக்ஸ்ரே மூலம் கொழுப்பை அளக்கும் இயந்திரத்தில் படுத்துப் பார்த்தபோது, லண்டன் டாக்டரின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், பூனா டாக்டரின் உடலில் 21.2 சதவிகிதம்!

இது அந்த ஒருவரின் குறை அல்ல. பூனா வட்டாரத்துக் குழந்தைகளையும் இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளையும் பிறந்தவுடனே அளந்து ஒப்பிட்ட ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது. அங்கே குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தை இளைத்துப் பிறக்கிறது. இளைத்தது எது? தசை. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லிக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு, பிறவியிலேயே கூட வருகிறது.

நாடு முழுவதும் எடுத்த கணக்கும் இதையே சொல்கிறது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். அதே ஆய்வில், எடைக் கணக்குப்படி பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு 28.6 பேர். இடுப்பை நாடாவால் அளந்தபோதோ 39.5 பேர்! எடை இயந்திரத்தின் கண்ணில் மண்ணைத் தூவியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இடுப்பு அதைத் தாண்டினால் கவலைப்படத்தான் வேண்டும். தையற்காரர் நாடா வீட்டுக்கு ஒன்று போதும்.

குதிர் சிறிது, விளைச்சல் பெரிது

தசை குறைந்தால் சர்க்கரை ஏன் வரவேண்டும்? சோறு செரித்துச் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும் பங்கை வாங்கிச் சேமித்து வைப்பது தசைதான். வீட்டில் குதிர் சிறியதாக இருந்து, வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கினால் என்ன ஆகும்? திண்ணையிலும் கூடத்திலும் கொட்டிவைக்க வேண்டியதுதான். உடம்பிலும் அப்படியே. தசையில் இடமில்லாதது ஈரலிலும் வயிற்றிலும் கொழுப்பாகச் சேருகிறது. குதிரும் சிறிது, அதை நாள்தோறும் காலி செய்யும் உழைப்பும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வைத்தியம் இரண்டு வகையில் நடக்கவேண்டும். குதிரைப் பெரிதாக்க வேண்டும். வருகிற வண்டிகளைக் குறைக்க வேண்டும். நம்மவர்கள் செய்வது என்ன? இரண்டாவதை மட்டும், அதுவும் அவசரமாக! ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது, எலுமிச்சஞ்சாறும் தேனும் குடித்துக் கிடப்பது, பத்து நாளில் 4 கிலோ குறைந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வது. வெறும் பட்டினியில் குறைவது கொழுப்பு மட்டுமல்ல. தசையும் சேர்ந்தே கரைகிறது. மீண்டும் பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் கொழுப்பு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், தசை வருவதில்லை. 2025-ல் இங்கே விற்பனைக்கு வந்துள்ள எடை குறைக்கும் ஊசிகளுக்கும் இந்தக் குறை உண்டு.

காலை நடை நல்லதே. மெரினாவில் விடியற்காலையில் நடப்பவர்களைக் கண்டு யாரும் குறைசொல்ல மாட்டார்கள். இருதயத்துக்கு அது மிக நல்லது. ஆனால் நடை மட்டும் தசையை வளர்க்காது. இருபது வருஷம் தவறாமல் நடந்தவர், தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்பது சாதாரணக் காட்சி. (நடந்து முடித்ததும் கூட்டமாக ஹோட்டலுக்குப் போய்ப் பொங்கல் வடை சாப்பிடுவது தனிக் கதை.) உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனையில், வாரத்துக்கு 150 நிமிஷ நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்தது. இரண்டாம் பாதி விழவில்லை.

இளவட்டக்கல்

எடை தூக்குவது என்றதும், கண்ணாடி முன் நின்று புஜத்தை முறுக்கும் வாலிபர்களின் நினைவு வருகிறது. 'நமக்கு எதற்கு அது?' என்கிறார் நாற்பத்தைந்து வயதுக்காரர். ஆனால் இது வெளிநாட்டு நாகரிகம் அல்லவே! தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் எந்தத் தேசத்திலிருந்து வந்தன? தெற்கத்திக் கிராமங்களில் இளவட்டக்கல் உண்டு. அதைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிந்தவனுக்கே பெண் என்றிருந்த காலமும் உண்டு. பொங்கல் சமயத்தில் சில ஊர்களில் அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. கல்லை முதல் நாளே தோளில் ஏற்றியவன் எவனும் இல்லை. முதலில் முழங்கால், பிறகு மார்பு, பிறகு தோள். எடையைப் படிப்படியாக ஏற்றுவது என்ற இந்த ஒரு சூத்திரத்தைத்தான் இன்றைய தேகப்பயிற்சி நிபுணர்கள் பெரிய புத்தகங்களாக எழுதுகிறார்கள்.

வயதாகிவிட்டது என்ற சாக்கும் செல்லாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் நிலையம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேருக்கு, 8 வாரம் காலால் எடை தள்ளும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் அதன் முடிவு வெளியாயிற்று. கடைசி வரை செய்த 9 பேருக்கும் கால் பலம் சராசரி 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொடைத் தசையும் 9 சதவிகிதம் பெருத்திருந்தது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பதில் முடியாதா?

பணம் கட்டிச் சேரும் ஜிம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் காரியம் நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பது முதல் பாடம். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் அடுத்த பாடம். சுவரில் கை வைத்துத் தண்டால், பிறகு மேஜையில், பிறகு தரையில். தண்ணீர் நிரம்பிய வாளி இரண்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்கவேண்டும். சிரமமில்லாமல் முடிந்தால் எடை போதவில்லை என்று அர்த்தம். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இருதய நோய் உள்ளவர்களும், சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது அவசியம்.

சாம்பாரில் பருப்பு எங்கே?

எடை தூக்கினால் மட்டும் தசை வளர்ந்துவிடாது. செங்கல் இல்லாமல் கொத்தன் என்ன செய்வான்? தசைக்குச் செங்கல் புரதம். நம் இலையில் அதற்குத்தான் பஞ்சம். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு! மாவுக்கு மாவே துணை. 'சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே' என்பார்கள். பல வீடுகளில் கரண்டியை அடியில் விட்டுத் துழாவினால்தான் அது தெரியும்.

வெந்த சோறு 100 கிராமில் புரதம் சுமார் இரண்டரை கிராம். பருப்பு, பயறு வகைகளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் உண்டு. வேர்க்கடலையில் 25 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். பெரிய டம்ளர் பாலில் 8 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிலையத்தின் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ மனிதருக்குச் சுமார் 50 கிராம் தினமும் வேண்டும். எடை தூக்கிப் பயிலுபவருக்கு இதைவிடக் கூடுதல் வேண்டும். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போவதில் பெரிய லாபமில்லை என்று, 49 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் சொன்னார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளக் கூடாது.

அதற்காக டப்பா டப்பாவாகப் புரதத்தூள் வாங்க ஓடவேண்டியதில்லை. அதைத் தவிர்க்கும்படி மேற்படி நிலையமே 2024-ல் யோசனை கூறியிருக்கிறது. தானியங்களிலிருந்து வரும் சக்தி 45 சதவிகிதத்துக்கு மேல் போகவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கெட்டிப் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மத்தி மீனோ வைத்தால் பாதி வேலை முடிந்தது. அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு நிரப்பும் என்பது கூடுதல் லாபம். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் என்று யார் ஒதுக்கினார்கள்?

சோறு சாப்பிடுகிறவனுக்கு உடம்பு ஏறாது என்பதும் கட்டுக்கதை. கல்கத்தாவில் வாழ்ந்த மனோகர் ஐச் வங்காளிச் சோறு சாப்பிட்டவர். உயரம் 4 அடி 11 அங்குலம். 1952-ல் லண்டனில் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் பெற்றார். 2016-ல் காலமானபோது வயது 104. அவர் சோற்றோடு பருப்பும் மீனும் பாலும் சாப்பிட்டார். சோற்றைச் செரிக்கும் வேலையும் செய்தார்.

ஒன்றை மறுக்க முடியாது. அரிசி மலிவு, புரதம் கிராக்கி. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். ஆனால் மூட்டையாக அரிசி வரும் வீட்டுக்குச் சலுகை விலையில் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோதான். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிராம்தான் தேறும்! பசியைப் போக்கியது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசுவது தர்மமல்ல. ஆனால் பசிக்குப் போட்ட திட்டத்தை இனி சர்க்கரை வியாதியையும் நினைத்துத் திருத்தி, அரிசியைச் சற்றுக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

கடைசிப் பந்தி

இத்தனையும் பெண்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் தசையும் வேகமாகத் தேய்கின்றன. எடை தூக்கும் பயிற்சி இரண்டையும் காக்கும். 'ஆண்பிள்ளை போல ஆகிவிடும்' என்ற பயம் வீண். அதற்கான ஹார்மோன் பெண்ணுடலில் மிகக் கொஞ்சமே உண்டு. 2000-ல் சிட்னி ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம், எடை தூக்கிய கர்ணம் மல்லேஸ்வரி பெற்ற வெண்கலம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

'வீட்டு வேலையே போதாதா?' என்பது அடுத்த கேள்வி. ஆட்டுக்கல்லும் உரலும் கிணற்று ராட்டினமும் இருந்த வீட்டில் போதும் என்று சொல்லியிருக்கலாம். கிரைண்டரும் மோட்டாரும் வந்துவிட்ட வீட்டில், மிஞ்சியிருப்பது நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் கடுக்கிறது, தசை வளர்வதில்லை.

சாப்பாட்டு விஷயம் அதைவிட மோசம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காருகிறவள் அவள். பொரியல் தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும், மிஞ்சியது சோறும் ரசமும் ஊறுகாயும். 2010 முதல் சத்துணவில் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் 5 முட்டை கிடைக்கிறது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு வாரம் எத்தனை முட்டை என்று எந்த வீட்டிலாவது இன்று ராத்திரி கேட்டுப் பார்க்கட்டும்.