லேஸ் பின்னுபவர் வரையவும் வேண்டும்

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் வட்டாரத்துக்குப் புகழ் தந்தது பாயிண்ட் கிரவுண்ட் லேஸ். தலையணைமேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. (தலையணை லேஸ் நமக்கும் அந்நியமல்ல; 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.) எங்கே ஊசி குத்துவது என்பதைத் துளையிட்ட தோல்காகிதம் காட்டும். அந்தத் தோலும் நூலும் பெரும்பாலும் வியாபாரியிடமிருந்து வந்தன. பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது கூலி. வியாபாரிகள் மறைந்த பிறகும், ஆசைக்காகப் பின்னுகிற பலர் பிறர் வரைந்த வடிவத்தையே நம்பியிருக்கிறார்கள். பின்னக் கற்றுத்தரும் இடத்தில் வரையவும் கற்றுத்தர வேண்டும் என்பேன்.

பழைய வடிவங்களை மாற்றாமல் பின்னுவதுதான் மரபைக் காக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அக்கறையான வாதம், ஆனால் நடைமுறை அதற்குத் துணைநிற்கவில்லை. தோலிலிருந்து தோலுக்கு ஊசியால் குத்தி நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் துளைகள் மயிரிழை விலகுகின்றன. சில நகல்களுக்குப் பிறகு வலையின் கண்கள் கோணலாகிவிடும். அதைச் சீராக்க, துளைகள் எந்தக் கட்டத்தின்மேல் நின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு வடிவமைப்பவருடையது. அது இல்லாதவரால் பழையதைக்கூடக் காப்பாற்ற முடியாது.

இந்த லேஸ் வரையக் கடினமானது என்பது வலுவான மறுப்பு. டார்ச்சன் என்ற வேறொரு லேஸ் வகையில் ஊசி வரிசை விளிம்போடு 45 பாகையில் சாயும். இங்கே கோணம் அதைவிடச் சற்றுக் கூடுதல், கண்கள் அறுகோணம். ஆனாலும் கட்டத்தை விட்டு விலகாத வடிவியல் வகையில் தொடங்கலாம். உண்மையான சிரமம் பூ வேலையில்தான். இதழின் வளைவு கட்டத்துக்குக் கட்டுப்படாது. வலையிலிருந்து வரும் சோடி நூல்கள் இதழுக்குள் நுழையத் துளைகள் குறைந்தால் நூல் நெரிசலாகும், கூடினால் துணி இளைக்கும். மிஞ்சிய சோடியை இதழைச் சுற்றும் தடித்த நூலோடு ஒட்டிக் கொண்டுபோவதா, வெட்டி விடுவதா? இந்தக் கேள்விக்குப் பொறியிடமும் விடை இல்லை. 1809இல் ஜான் ஹீத்கோட் காப்புரிமை பெற்ற பொறி வலையைப் பின்னியது. 1840களில் ஜக்கார்ட் துளை அட்டைகள் சேர்ந்ததும் லேஸ் பொறிகள் பூக்களையும் பின்னின. ஒருவர் வரைந்து அட்டையில் துளையிட்டதைத்தான் பொறி பின்னும். அந்தச் சோடியை என்ன செய்வது என்பதைக் காகிதத்தின்முன் ஒருவர் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே பின்னுபவரே உட்காரட்டும்.