மனனத்துக்கு மதிப்பெண்!

மத்திய அரசுப் பணித் தேர்வுகளில் இந்திக்காரர்களுக்கு வினாத்தாள் தாய்மொழியிலேயே கிடைத்துவிடுகிறது, நமக்குக் கிடைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் நெடுநாள் மனக்குறை. பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வு இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடப்பதால் அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால், அதே தேர்வில் இந்தி பேசும் இளைஞர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

அந்தத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில், எல்லாப் பணிகளுக்கும் பொதுவான முதல் தாளில், தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கப்படுவது 390 மதிப்பெண். கணிதத்துக்கு 90, காரணமறிதலுக்கு 90, பொது அறிவுக்கு 75. ஆங்கிலத்துக்கோ 135! ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். பள்ளி முழுக்க இந்தி வழியில் படித்துவிட்டு வருமான வரி ஆய்வாளர் ஆக நினைப்பவருக்கு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மதிப்பெண் அவருக்கு வராத மொழியில் கிடக்கிறது.

பயிற்சி மையங்கள் நிறைந்த தில்லி முகர்ஜி நகரிலும், பாட்னாவின் முசல்லாபூர் பகுதியிலும், பிரயாக்ராஜின் அறைகளிலும் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் மருந்து, சொல் பட்டியல். முந்தைய ஆண்டுகளின் வினாக்களில் வந்த சொற்களைத் தொகுத்த ‘பிளாக் புக்’ ஏறக்குறைய எல்லார் மேசையிலும் இருக்கும். பக்கத்திலேயே, 1949இல் அமெரிக்க வாசகர்களுக்காக நார்மன் லூயிஸ் எழுதிய ‘வேர்டு பவர் மேட் ஈஸி’. கடினமான ஆங்கிலச் சொல்லை ஓசை ஒத்த இந்திச் சொல்லோடு முடிச்சுப் போட்டு, சிரிக்க வைக்கும் கதையாக்கி நினைவில் ஏற்றுவதை அங்கே ‘ட்ரிக்’ என்கிறார்கள். தூக்கத்தில் நடப்பவருக்கு ஒரு சொல், அஞ்சல்தலை சேகரிப்பவருக்கு ஒரு சொல், உயரத்தைக் கண்டு நடுங்குவதற்கு ஒரு சொல் என்று நாளெல்லாம் உருப்போடுகிறார்கள்.

மாணவர்களைக் கேலி செய்வதற்கு இதில் ஒன்றுமில்லை. தேர்வு பல நாள், பல ஷிஃப்ட்களாக நடக்கிறது. அத்தனை ஷிஃப்ட்களுக்கும் ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர் என்று வினா தயாரிப்பவர்கள் பழைய கிடங்கையே திரும்பத் திரும்பக் கிளறுகிறார்கள். ஆகவே, போன ஆண்டின் சொல்லைப் படித்தவருக்கு இந்த ஆண்டு மதிப்பெண் விழுகிறது. நூறு கட்டுரை வாசித்தவரைவிட, பட்டியலை மூன்று முறை புரட்டியவர் முந்திவிடுகிறார். மொழியறிவு என்ற பெயரில் இங்கே அளக்கப்படுவது பழைய வினாத்தாளின் நினைவு.

வியப்பு என்னவென்றால், இந்தக் கோளாறு அன்றைய இந்திய மண்ணிலேயே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு கண்டறியப்பட்டுவிட்டது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் இருமொழிச் சூழல் குறித்த தம் ஆய்வை 1926இல் வெளியிட்டார். வங்க மாணவருக்கு முதலில் தேவை ஆங்கிலத்தை வாசிக்கும் திறன் என்பது அவர் கட்சி. பாடநூல்கள் அரிய சொற்களை வாரி இறைத்து வாசிப்பையே முடக்குவதைக் கண்டு, அடிக்கடி புழங்கும் சொற்களை மட்டும் கொண்டு படிப்படியாக ஏறும் வாசிப்பு நூல்களை எழுதினார். ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அவரது பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953இல் வந்தது. ஆங்கிலம் கற்பிப்போர் உலகெங்கும் அதை எடுத்துக்கொண்டார்கள். வெஸ்ட் பாடநூலிலிருந்து விரட்டிய அரிய சொற்களைத்தான் நம் தேர்வாணையம் வினாத்தாளில் உட்காரவைத்து மதிப்பெண் கொடுக்கிறது.

இந்தி பேசுபவர் உண்மையில் சறுக்குவது அரிய சொற்களில் அன்று, மிகச் சிறிய சொற்களில். இந்தியில் ‘ஸே’ என்ற ஒற்றை உருபு எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்: பேனாவால் எழுதுவதும் தில்லியிலிருந்து வருவதும் நேற்றிலிருந்து காத்திருப்பதும் அண்ணனைவிட உயரமாக இருப்பதும் எல்லாமே ‘ஸே’தான். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடைச்சொல் வேண்டும். பெயருக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’ போன்றவை இந்தியிலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. இவற்றை எந்தப் பட்டியலாலும் கற்றுத்தர முடியாது. ஒரு சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பது வாக்கியங்களைப் படித்துப் படித்துத்தான் பிடிபடும். கோடிட்ட இடம் நிரப்பும் பத்தியிலும், பிழை கண்டுபிடிக்கும் வினாவிலும் பட்டியல் வீரர்கள் மதிப்பெண் இழப்பது இதனால்தான்.

இந்தச் சறுக்கலில் அரசியலுக்கும் பங்குண்டு. 1967இல், சோஷலிஸ்ட் தலைவர் லோகியாவின் ஆங்கில எதிர்ப்பு இயக்கம் வட மாநிலங்களில் ஓங்கியிருந்த காலத்தில், பிகாரின் கல்வி அமைச்சராக இருந்த கர்ப்பூரி தாக்கூர், பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிகுலேஷனில் ஆங்கிலத்தில் தேறியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். ஆங்கிலத்தால் மட்டுமே தோற்றுப்போன ஏழைப் பிள்ளைகளால், குறிப்பாகப் பெண்களால், அதன் பயனாக மேலே படிக்க முடிந்தது. அவர்களைக் ‘கர்ப்பூரி டிவிஷன்’ என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். அந்த முடிவின் நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால், பள்ளி வாசலில் விலக்கிய ஆங்கிலத்தை வேலை வாசலிலிருந்து யாரும் விலக்கவில்லை. தமிழ்நாடு 1968இல் இருமொழிக் கொள்கையை ஏற்று ஆங்கிலத்தைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டது. இந்தி மாநிலங்களின் கிராமத்துப் பிள்ளை அதைப் பட்டம் பெற்ற பிறகு, பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்குகிறது.

தேர்வுகளை ஒப்பிட்டால் விநோதம் இன்னும் கூடும். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் 2011இல் புகுத்தப்பட்ட திறனறித் தாளை எதிர்த்து, 2014இல் முகர்ஜி நகர் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதில் ஆங்கில வினாக்களின் மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது என்று அரசு இறங்கிவந்தது. அடுத்த ஆண்டு அந்தத் தாள் முழுவதுமே 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்றானது. முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாளிலும் 25 விழுக்காடு எடுத்துத் தேறினால் போதும். துணை ராணுவப் படைகளின் காவலர் தேர்விலோ, மொழிப் பகுதிக்கு இந்தியையே தேர்ந்துகொள்ளலாம். உச்சியில் தளர்வு, அடியில் விருப்பம். நடுவிலிருக்கும் உதவிப் பிரிவு அலுவலருக்கும் தணிக்கையாளருக்கும் மட்டும் ஒவ்வோர் ஆங்கில மதிப்பெண்ணும் தரவரிசையை நிர்ணயிக்கிறது.

மத்திய அரசு ஊழியரை நாளை சென்னைக்கோ குவாஹாட்டிக்கோ மாற்றலாம். ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்டால், நிச்சயம் வேண்டும். கோப்பைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்த எழுத்துத் திறனைச் சோதிக்க இதே எஸ்எஸ்சி தேர்வில் 2016இல் கொண்டுவந்த 100 மதிப்பெண் கட்டுரை, கடிதத் தாளும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்றே இருந்தது. அதையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். சொல் வினாக்கள் பத்திரமாக இருக்கின்றன.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு எதிர்ச்சொல் வினாக்களை 1994இலேயே கைவிட்டது. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ 2011இல் கைவிட்டது. இங்கேயும் வங்கித் தேர்வுகளில் தனிச் சொல்லுக்குப் பொருள் கேட்பது குறைந்து, பத்திக்குள் சொல் பொருந்துகிறதா என்று கேட்கும் போக்கு கூடியிருக்கிறது. எஸ்எஸ்சியும் ஆங்கிலப் பகுதியின் 45 வினாக்களில் பெரும்பங்கை, முன்பு எங்கும் வராத பத்திகளுக்கு மாற்றலாம். ரயில்வே அறிக்கை, தணிக்கைக் குறிப்பு, நுகர்வோர் புகார்க் கடிதம் என்று அலுவலகத்தில் நாளை அவர்கள் கையில் வரப்போகும் எழுத்தையே கொடுக்கலாம். பல லட்சம் பேர் எழுதும் தேர்வாயிற்றே என்ற சாக்கு இங்கே செல்லாது. பத்தியிலிருந்து கேட்டாலும் அவை நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள்தான், கணினியே திருத்திவிடும். மாறுவது பயிற்சி மையங்களின் பாடத்திட்டம் மட்டும்.