பின்மூடியில் இருக்கும் சாட்சியம்

பழைய யப்பானிய மணிக்கூடுகளைத் தேடி வாங்குகிறவன் நான் என்று தெரிந்தவுடன் நண்பர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். "வாங்குவதானால் சுவிஸ் மணிக்கூடாக வாங்கலாமே?" என்பது முதலாவது. "பிறகு விற்றால் எவ்வளவு வரும்?" என்பது இரண்டாவது. முதற் கேள்வி அறியாமையிலிருந்து பிறப்பது, அதை மன்னித்துவிடலாம். இரண்டாவது கேள்விதான் நான் நேசிக்கும் பொருட்களை என் கண்முன்னாலேயே அழித்துக்கொண்டிருக்கின்றது.

நான் சொல்வது குரோனோகிராப் என்னும் வகையைப் பற்றி. நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தினால் ஓடத் தொடங்கி, மறுபடி அழுத்தினால் நின்று, இன்னொரு பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டுக்குத் திரும்பும் நீண்ட விநாடி முள்ளொன்றையும் கொண்ட கைமணிக்கூடு அது. கப்பலில் வேலை செய்த என் மாமா 1970களில் சிங்கப்பூரிலிருந்து அப்படியொன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். நீல முகப்புடைய சீக்கோ 6139. படலையிலிருந்து கிணற்றடி வரை நாங்கள் ஓடுவோம். மாமா திண்ணையில் இருந்து பொத்தானை அழுத்துவார். என் பைத்தியம் அங்கே தொடங்கியது.

முதற் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். யப்பானியர் பிறர் செய்ததைப் பார்த்து மலிவாகச் செய்தவர்கள் என்ற பேச்சு இன்னமும் சாகவில்லை. கின்ராரோ ஹற்றோரி ரோக்கியோவில் தமது கடையைத் திறந்தது 1881இல். 1964இல் ரோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் நேரம் கணித்த பொறுப்பு சீக்கோவுடையது. அதே ஆண்டு யப்பானின் முதலாவது குரோனோகிராப் கைமணிக்கூடு வெளிவந்தது. அதற்கு ஒரேயொரு பொத்தான். நிமிடங்களை எண்ணத் தனி முள்கூட இல்லை, வெளிவளையத்தைத் திருப்பித்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு எளிமையான தொடக்கம். ஐந்தே ஆண்டுகளின் பின்னர், 1969இல், உலகில் எவருமே விற்பனைக்குக் கொண்டுவந்திராத ஒன்றைச் செய்யும் போட்டியில் அவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். கையசைவிலேயே சாவி ஏறும், அதாவது தானியங்கிக் குரோனோகிராப்பே அது.

அந்த ஆண்டின் கதையில் எங்கள் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படக்கூடிய பங்கல்ல. 1969 ஜனவரி 10ஆந் திகதி செனித் நிறுவனம் தனது இயந்திரத்தைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. மார்ச் 3ஆந் திகதி ஹோயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்களின் கூட்டணி ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் கூட்டங்கள் வைத்துத் தனது படைப்பை அறிவித்தது. சீக்கோ கூட்டம் வைக்கவில்லை. மே மாதத்தில் 6139ஐ யப்பானியக் கடைகளில் விற்கத் தொடங்கியது, அவ்வளவுதான். அந்த வசந்தகாலத்தில் பாசல் கண்காட்சிக்கு வந்த சீக்கோ தலைவர், தம் கூட்டணியின் சாதனைக்கு வாழ்த்துக் கூறிவிட்டு, தங்களிடமும் அப்படியொன்று உண்டு என்பதை வாய்திறந்து சொல்லாமலே போனதை ஜாக் ஹோயர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சொல்லாதவனை வரலாறும் நெடுங்காலம் சொல்லவில்லை. மேடை போட்டவர்களைப் பற்றி எழுதினோம். கடையில் விற்றவனைப் பற்றி எழுதவில்லை. பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இந்தக் குற்றத்தை நான் நன்கறிவேன். அறிக்கை கையில் கிடைத்தால் அது செய்தி. அறிக்கை இல்லாமல் நடந்தது நடக்காததற்குச் சமம்.

அந்த மௌனத்தை உடைத்தவர்கள் சேகரிப்பாளர்களே. அவர்களுக்கு அதைச் சாத்தியமாக்கியது பின்மூடியில் பொறிக்கப்பட்டிருக்கும் தொடரிலக்கம். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது இலக்கம் மாதத்தையும் குறிக்கும். ஒக்ரோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஆங்கில எழுத்துக்கள். 1969இன் தொடக்க மாதங்களைக் காட்டும் 6139கள் சேகரிப்பாளர் கைகளில் உள்ளன. பத்திரிகையாளர் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில் யப்பானியத் தொழிற்சாலையில் மணிக்கூடுகளே உருவாகிக்கொண்டிருந்தன என்பதற்கு அந்த எண்கள் சாட்சி.

நியாயமாகவும் பேசவேண்டும். இயங்கும் இயந்திரத்தை முதலில் உலகுக்குக் காட்டியது செனித்தான். 6139இல் மணி எண்ணும் முள் இல்லை. முப்பது நிமிடம் வரைதான் எண்ணும். கையால் சாவி கொடுக்கவும் முடியாது. ஆனால், பொத்தான்களின் கட்டளையை ஒழுங்குபடுத்தும் தூண் சக்கரமும், விநாடி முள்ளைத் துள்ளாமல் ஓடவைக்கும் செங்குத்துக் கிளச்சும் அதனுள் இருந்தன. பின்னாளில் மிக விலையுயர்ந்த மணிக்கூடுகளின் பெருமையாகப் பேசப்பட்ட அமைப்பு அது. சிற்றிசன் நிறுவனம் 1970களில் செய்த 8110இலும் அவ்விரண்டும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் முள்ளை நிறுத்தாமலே பூச்சியத்துக்குக் கொண்டுவரும் வசதியும் உண்டு. இவையெல்லாம் கோடீசுவரர்களுக்காகச் செய்யப்பட்டவையல்ல. சம்பளம் வாங்குகிறவன் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன மணிக்கூடுகள். 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்ணிலையத்துக்குப் புறப்பட்ட வில்லியம் போக், நாசா அங்கீகரித்த மணிக்கூட்டோடு, பயிற்சிக் காலத்தில் தமக்குப் பழகிப்போன மஞ்சள் முகப்புச் சீக்கோ 6139 ஒன்றையும் கூடவே கொண்டுபோனார். எண்பத்துநான்கு நாட்கள் அது விண்ணில் இருந்தது. அதற்கும் விளம்பரம் இல்லை. பல்லாண்டுகள் கழிந்த பின்னரே வெளியே தெரிந்தது.

என்னைக் கட்டிப்போட்டது இதுதான். எவருடைய அறிக்கையையும் நம்பாமல், பொருளையே கையில் எடுத்துக் கேள்வி கேட்கலாம். அது பதில் சொல்லும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். விலை ஏறியது. விலையோடு "புதிதுபோல்" என்ற சொல்லும் வந்தது. இன்று இணையத்தில் விற்பனைக்கு வரும் 6139களில், அண்மையில் எங்கோ அச்சடிக்கப்பட்ட முகப்பைப் பொருத்தியவை மலிந்து கிடக்கின்றன. வெயிலில் வெளிறிய பழைய முகப்பு குப்பைக்குப் போகின்றது. பளபளக்கும் பொய் அதனிடத்தில் அமர்கின்றது. கூரிய விளிம்புகள் வழவழப்பாகும்வரை உடலைத் தேய்க்கிறார்கள். ஐம்பது ஆண்டுப் பொருளை நேற்றுப் பிறந்ததாகக் காட்டி, ஐம்பது ஆண்டுக்குரிய விலையையும் கேட்கிறார்கள்.

மாமா காலமான பின்னர் என் மச்சான் அந்த நீல மணிக்கூட்டை எனக்குப் பரிசாகத் தர விரும்பினான். தருவதற்கு முன்னர் ஒரு திருத்துநரிடம் கொடுத்தான். அது பளிச்சென்று வந்து சேர்ந்தது. முகப்பில் ஆறுமணிப் பக்கம் உப்புக்காற்றில் படர்ந்திருந்த கறை இல்லை. புதிய முகப்பில் "வாட்டர் புரூஃப்" என்று எழுதியிருந்தது. சீக்கோ 1970களின் தொடக்கத்திலேயே கைவிட்ட சொல் அது. மாமாவின் மணிக்கூட்டில் அது இருந்ததே இல்லை. பழைய முகப்பு எங்கே என்று கேட்டேன். "அதை ஏன் வைப்பான்? எறிஞ்சிருப்பினம்" என்றான். அன்போடு செய்தவனிடம் அன்று நான் வேறெதுவும் பேசவில்லை. இதை அவன் வாசிப்பான். கோபிக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

"பாவிக்க முடியாமல் கிடந்ததைப் பாவிக்கச் செய்வது தவறா?" என்று கேட்பவர்கள் உண்டு. தவறல்ல. எண்ணெய் விடுங்கள், தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றுங்கள், நீர் தடுக்கும் இறப்பர் வளையத்தை மாற்றுங்கள், உடைந்த கண்ணாடியை மாற்றுங்கள். அது பராமரிப்பு. முகப்பையே மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றிவிட்டு, பழையதைச் சிறு உறையிலிட்டுக் கூடவே வையுங்கள். விற்கும்போது வாயால் சொல்லுங்கள். சொல்லாமல் விற்பது பழைய உறுதியில் திகதியைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பானது. அந்தத் திருத்தலை எந்த நீதிமன்றமும் "புதுப்பித்தல்" என்று ஏற்காது. நாங்கள் மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பளபளப்புக்குக் காசு கொடுப்பவர் இருக்கும்வரை தேய்ப்பவரும் இருப்பார். பின்மூடியின் படத்தைக் கேளுங்கள். எண்ணை வாசியுங்கள். முகப்பின் அடியோரத்தில் உள்ள சிறிய குறியீடு பின்மூடியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு அழகாயிருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளிறிய முகப்பையும் கீறல் விழுந்த உடலையும் வெட்கப்படாமல் வாங்குங்கள்.

மாமாவின் மணிக்கூடு இன்று என் மேசையில் இருக்கின்றது. பொத்தானை அழுத்தினால் முள் இன்னமும் துள்ளாமல் புறப்படுகின்றது. பின்மூடியையும் தேய்த்துவிட்டார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் முதல் இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகின்றது: 5. ஆகவே 1975. எந்த மாதம் என்று இனி ஒருவராலும் சொல்லமுடியாது.