மனவுறுதி மட்டும் போதுமா?

(கருத்துக் கட்டுரை)

முன்னுரை

விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்த ஒருவர், பின்னாளில் அரும்பெரும் செயல் புரிந்தார் என்னும் செய்தியைப் படித்தவுடன், "என்னே அவருடைய மனவுறுதி!" என்று வியக்கிறோம். அவ்வியப்பு முறையானதே. ஆயினும் அது பாதி உண்மையை மட்டுமே கூறுகிறது. வீட்டு வாயிலில் மூன்று படிகள் இருந்தால், எத்துணை மனவுறுதி இருப்பினும் சக்கர நாற்காலி தானாக இறங்கிவிடாது. தன் காலில் நிற்க இயலாதவரும் பிறரைச் சாராமல் வாழ முடியும். அதற்கு அவருடைய உறுதியோடு சமுதாயத்தின் ஏற்பாடும் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உடலில் நிகழ்வது

முதுகெலும்புகளின் நடுவே செல்லும் தண்டுவடம், மூளையின் கட்டளைகளை உடலின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசெல்கிறது. தொடுதல், வலி முதலிய உணர்வுகளை மூளைக்கு எடுத்து வருகிறது. அது முதுகுப் பகுதியில் சிதைந்தால் கால்கள் செயலிழக்கும். கழுத்துப் பகுதியில் சிதைந்தால் கைகளும் பாதிக்கப்படும். சிதைந்த தண்டுவடத்தை முன்போல் ஆக்கும் மருத்துவம் இன்னும் கைகூடவில்லை. (ஆகவே, உயரத்திலிருந்து விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்கலாகாது. கழுத்தும் முதுகும் அசையாமல் காத்து, ஆம்புலன்சை அழைப்பதே அறிவுடைமை.)

உணர்வற்ற உடலில் வேறோர் இடரும் உண்டு. நாம் உறங்கும்போது, நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். அவர்களால் அது இயலாது. ஒரே இடத்தில் அழுத்தம் படுவதால் படுக்கைப் புண் தோன்றும். வலி தெரியாததால் அது ஆழமாகப் பரவும். முற்காலத்தில் தண்டுவடம் சிதைந்தோர் பலர் இப்புண்களாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவில் இறந்தனர். அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே மருத்துவ உலகம் கருதியிருந்தது.

எண்ணத்தை மாற்றிய மருத்துவமனை

1944ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்ற லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், நோயாளிகளை இரவும் பகலும் குறித்த நேரத்தில் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். புண்கள் குறைந்தன, உயிர்கள் பிழைத்தன. அவர் அதனோடு நிற்கவில்லை. பிழைத்தவர்கள் வேலை செய்ய வேண்டும், விளையாட வேண்டும் என்றார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அம்மருத்துவமனையில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அதன் வழிவந்ததே இன்றைய பாராலிம்பிக்.

வீரர்களின் உறுதி 1944இல் திடீரெனப் பெருகிவிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த கவனிப்புத்தான் மாறியது. இதனை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டில் மூவர்

கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர். 1954இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார்; நியூயார்க்கில் அத்துறையையே கற்றார். தாயகம் திரும்பி வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். அங்கே 1966இல் மறுவாழ்வு நிலையமும் தோன்றியது. தாம் பெற்ற பயிற்சி, கடல் கடந்து செல்ல இயலாதவர்க்கும் கிடைக்க வழிசெய்தார்.

மேஜர் அலுவாலியா 1965ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார். அதே ஆண்டில் மூண்ட போரில் குண்டு பாய்ந்து, அவருடைய வாழ்வு சக்கர நாற்காலிக்கு மாறியது. ஸ்டோக் மாண்டவில்லில் அவர் பெற்ற மருத்துவமே, அத்தகைய மருத்துவமனை இந்தியாவிலும் வேண்டும் என்னும் எண்ணத்தை விதைத்தது. தில்லியின் வசந்த் குஞ்ஜ் பகுதியிலுள்ள இந்திய முதுகுத்தண்டுக் காயங்கள் மையம் அவ்வெண்ணத்தின் பயனாகும். தில்லி வாழ் மாணவர்களில் சிலர் அதனைக் கடந்து சென்றிருக்கலாம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டார். கைகளும் கால்களும் செயலிழந்தன. புணே இராணுவ மருத்துவமனையில் தமக்கு ஊக்கமளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், 1981இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஓலைக் குடிசையில் ஒரு சில குழந்தைகளோடு தொடங்கிய அச்சங்கம், இன்று பள்ளியும் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் நிறுவனமாக வளர்ந்துள்ளது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மூவருக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. மூவருக்கும் ஒரு நல்ல மருத்துவர் அல்லது மருத்துவமனை துணை கிடைத்தது. மூவரும் "நான் மீண்டேன்" என்று அமைதியடையாமல், தமக்குக் கிடைத்ததைப் பிறர்க்கும் கிடைக்கச் செய்தனர். மனவுறுதி மட்டும் போதும் என்று அவர்கள் கருதியிருந்தால், நிலையங்களை அமைத்திருக்க வேண்டியதில்லையே!

சார்பின்மை என்றால் என்ன?

எல்லாவற்றையும் துணையின்றித் தானே செய்வதுதான் சார்பின்மை என்று சிலர் எண்ணுகின்றனர். அப்படியாயின், நம்மில் எவரும் சார்பற்றவர் அல்லர். நாம் உண்ணும் சோறு உழவரின் கையிலிருந்தும், நாம் செல்லும் பேருந்து ஓட்டுநரின் கையிலிருந்தும் வருகின்றன. எப்போது எழுவது, எங்கே செல்வது, என்ன படிப்பது, எவரிடம் உதவி பெறுவது என்பவற்றைத் தானே முடிவுசெய்தலே சார்பின்மை. கைகளை அசைக்க இயலாத ஒருவர், பிறர் உணவை ஊட்டினாலும், தாம் உண்பது என்ன என்பதைத் தாமே முடிவு செய்தால் அவர் சார்பற்றவரே.

ஆகவே, ஒருவரைக் கேளாமல் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளுவது உதவியாகாது. அவர் அருகிலிருக்க, "இவர் என்ன சாப்பிடுவார்?" என்று உடன் வந்தவரிடம் வினவுவதும் பண்பாகாது. சக்கர நாற்காலி அவருடைய உடலின் ஒரு பகுதி போன்றது. "உதவி வேண்டுமா?" என்று கேட்டு, அவர் சொல்லும் முறையில் செய்வதே சிறப்பு.

செலவு மிகுதியா?

"ஓரிருவருக்காக இத்துணைச் செலவு தேவையா?" என்று கேட்போர் உளர். சாய்தளத்திற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம். அரையடிப் படி ஒன்றைக் கடக்க ஆறடிச் சாய்தளம் போதும். அதில் முழங்கால் வலியுடைய பாட்டியும் வருவார். குழந்தை வண்டி தள்ளும் தாயும் வருவார். ஊரிலிருந்து பெட்டியோடு வரும் மாமாவும் வருவார். கட்டும்போதே அமைத்தால் செலவு சிறிது. கட்டிய பின் இடித்து அமைத்தால்தான் பெரிது.

மேலும் இஃது இரக்கத்தின்பாற்பட்டது அன்று, சட்டத்தின்பாற்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, பொதுக் கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. சாய்தளத்தை அமைத்து, அதன்மேல் பூந்தொட்டிகளையும் இருசக்கர வண்டிகளையும் நிறுத்திவைத்தல் அச்சட்டத்தை ஏட்டளவில் வைப்பதாகும்.

முடிவுரை

ஜெய்ப்பூரைச் சேர்ந்த அவனி லெகரா, 2012இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டபோது பள்ளிச் சிறுமி. டோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் பாராலிம்பிக்கிலும் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றார். அவரைப் போற்றுவோம். ஆனால், தங்கம் வென்றவர்க்கு மட்டுமே மதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அடிபட்ட ஒரு மாணவர் தம் வகுப்பறைக்கு மீண்டும் வந்து, நண்பர்களோடு உண்டு, தேர்வு எழுதி, வேலைக்குச் செல்வதும் சாதனையே. அது செய்தித்தாளில் வராத அளவுக்கு இயல்பான ஒன்றாகும் நாளே நாம் விரும்பத்தக்க நாள்.

மனவுறுதியை அவர்கள் கொண்டு வருவார்கள். வழியை நாம் அமைப்போம்.

சிந்தித்து விடையளிக்க

1. "இது பாதி உண்மையே" என்று கட்டுரையாசிரியர் எதனைக் கூறுகிறார்? அக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் தருக.
2. சார்பின்மைக்குக் கட்டுரை தரும் விளக்கத்தை உன் சொந்த நடையில் எழுதுக.
3. உன் பள்ளியின் வாயில், நூலகம், கழிவறை ஆகியவற்றிலுள்ள படிகளின் உயரத்தை அளந்து, ஒவ்வொன்றிற்கும் எவ்வளவு நீளமுள்ள சாய்தளம் வேண்டும் எனக் கணக்கிடுக. அதனைத் தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதுக.