மூச்சுக்குச் செலவழிப்பது இஸ்ராஃபா?

திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துச் சென்று காட்டும் சுழியோடி. இதுவரை நிலையத்தாரின் ரெகியுலேட்டரைப் பாவித்து வந்தவர், இப்போது சொந்தமாக ஒன்று வாங்க விரும்புகிறார். மனதில் இரண்டு பெயர்கள்: ஸ்கூபாப்ரோ எம்.கே. 25 எவோ, அபெக்ஸ் எம்.டி.எக்ஸ். இரண்டுமே விலையில் உச்சத்தில் இருப்பவை. உம்மா சீட்டுக் காசைக் கொடுக்கத் தயார். போதாததற்கு இரண்டு வளையல்களை வங்கியில் அடகு வைக்கவும் யோசிக்கிறார். கடற்றொழில் செய்து ஓய்ந்த வாப்பாவோ, "ஆயுள் அல்லாஹ்விடம் இருக்கிறது, வாயில் வைக்கிற சாமானுக்கு இத்தனை காசா, இது இஸ்ராஃப்" என்கிறாராம். யார் சொல்வது சரி, இரண்டில் எதை வாங்குவது என்பது கேள்வி.

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பொருள் இன்னதென்று விளங்கியிருக்க வேண்டும் என்பது அரபுக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களில் ஒன்று. ஆகவே கடற்படையில் சுழியோடியாக இருந்து ஓய்வுபெற்று, இன்று இக்கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஒரு சகோதரரிடம் கேட்டறிந்தே எழுதுகிறேன்.

நிரப்பிய சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை நேரே சுவாசிக்க எவராலும் முடியாது. ரெகியுலேட்டரின் முதற்பகுதி சிலிண்டரின் வாயில் பொருந்தி, அந்த அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடியதாகக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் பகுதி அதை இன்னும் குறைத்து, மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கிறது. 1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, காக்னன் என்ற இருவர் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இது.

பத்து மீற்றர் இறங்க ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. 30 மீற்றரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் தேவைப்படுவதைப் போல் நான்கு மடங்கு காற்று வேண்டும். மலிவான, சமநிலைப்படுத்தப்படாத வகையில், சிலிண்டரில் காற்றுக் குறையக் குறைய மூச்சிழுப்பது கடினமாகும். களைத்துப்போய் மேலே வரும் நேரத்தில்தான் இந்தச் சோதனை! சமநிலைப்படுத்தப்பட்ட வகையில் இந்தக் குறை இல்லை. நல்லதற்கும் மலிவானதற்கும் உள்ள மெய்யான இடைவெளி இதுவே. ஐரோப்பாவின் இ.என். 250 என்ற தரவிதி, 50 மீற்றர் ஆழத்தில் நிமிடத்துக்கு 62.5 லீற்றர் காற்றை இழுக்கும்போதும், லீற்றருக்கு 3 ஜூலுக்கு மேல் மூச்சுக்கு உழைப்புத் தேவைப்படக் கூடாது என்கிறது. மகன் சொல்லும் இரண்டும் இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்குபவை. ஆகவே இவ்விரண்டுக்குமிடையே உள்ள வித்தியாசம் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வித்தியாசமல்ல.

அப்படியானால் எதில் வேறுபடுகின்றன? ஸ்கூபாப்ரோ பிஸ்டன் வகை. அசையும் பாகங்கள் சொற்பம், காற்றை அள்ளிக் கொடுக்கும். ஆனால் அதன் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் வந்துபோகும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாவிட்டால் உப்பும் மணலும் அங்கே குடியேறிவிடும். அபெக்ஸ் ஒரு மெல்லிய தகட்டினால் இயங்குவது. நீர் உள்ளே புகாதபடி அடைக்கப்பட்டது, பாகங்கள் சற்று அதிகம். இந்த அடைப்புக்கு ஐரோப்பாவில் பெரும் மதிப்பு. உறைகுளிர் ஏரிகளில் உள்ளே பனி பிடித்துக் கருவி சிக்கிக்கொள்ளாமல் அது காக்கிறது. திருகோணமலைக் கடலில் இறங்குகிறவர் பனிக்கட்டிக்குப் பயந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. அன்றாடம் உப்பில் தோய்கிறவருக்கு உப்பு உள்ளே போகாதது ஒரு வசதி, அவ்வளவுதான்.

தீர்மானிக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. இக்கருவிகளை ஆண்டுக்கொரு முறையோ இரண்டு ஆண்டுக்கொரு முறையோ, அல்லது இத்தனை முங்கலுக்கு ஒரு தடவை என்றோ, கம்பனி சொல்லும் கணக்குப்படி பிரித்து, றப்பர் வளையங்களையும் உள்ளிருக்கும் சிறு பாகங்களையும் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரு தடவை இறங்கும் வழிகாட்டிக்கு 50 நாளில் நூறு முங்கல் ஆகிவிடும். எந்தக் கம்பனியின் அசல் உதிரிப்பாகமும், அதில் பயிற்சி பெற்ற ஆளும் இந்நாட்டிலேயே கிடைக்கின்றன என்று மகன் விசாரிக்கட்டும். கிடைப்பது எதுவோ, அதுவே அவருக்கு மேலானது. மற்றதை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பருவம் முழுவதும் காத்திருந்தால் அவர் எதைக் கொண்டு உழைப்பார்? நிலையத்துச் சிலிண்டர்களின் வாய் கவ்விப் பிடிக்கும் வகையா, திருகி இறுக்கும் டின் வகையா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் ஒருவர் பாவித்ததை, படத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். ஃபிக்ஹு நூல்களில் 'ளர்பத்துல் காயிஸ்' என்றொரு வியாபாரம் பேசப்படுகிறது. சுழியோடி இறங்குமுன்னரே, "இந்த ஒரு முங்கலில் எது வந்தாலும் இவ்வளவு காசு" என்று பேசிக்கொள்வது. என்ன வருமென்று இரு தரப்புக்கும் தெரியாததால் அது கூடாது. அதைத் தடுக்கும் அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டு. ஆயினும் கரர் என்ற பொதுவிதி அதற்குப் போதும். வெளியே பளபளக்கும் கருவியின் உள்ளே என்ன நிலை என்று அறியாமல் வாங்குவதும் அதன் சாயல் உள்ளதே. பிரித்துப் பார்த்த ஒருவரின் சொல் இல்லாமல் வாங்க வேண்டாம்.

இனி இஸ்ராஃப். உயிரைக் காக்கும் தொழிற்கருவிக்குத் தேவையான அளவு செலவழிப்பது இஸ்ராஃப் அல்ல. அந்த வாப்பா தம் காலத்தில் எஞ்சினைப் பாராமல், ஓட்டையை அடைக்காமல் தோணியை இறக்கியிருப்பாரா? அதுவும் தவக்குலுக்குள் அடங்கியதே. ஆனால் அவர் பேச்சில் பாதி நியாயமும் இருக்கிறது. அதே கம்பனிகள் இதற்கு ஒரு படி கீழே, சமநிலைப்படுத்தப்பட்ட வகைகளையும் செய்கின்றன. நிலாவெளியில் பயணிகளோடு இறங்குவதற்கு அவை தாராளமாகப் போதும் என்று அந்தச் சகோதரர் உறுதியாகச் சொன்னார். மீதிப் பணத்துக்கு வேலை இருக்கிறது. காற்று முடிந்துபோன ஒருவருக்கு நீட்டுவதற்கான இரண்டாவது வாய்க்குழாய் முதலில் வேண்டும். பிறருடைய பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் அல்லவா? அடுத்தது, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் சுழியோடிக் கணினி.

இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கல்பிட்டியிலும் கிழக்குக் கரையிலும் கடலட்டை, சங்கு எடுக்கப் போய்க் கால்கள் விளங்காமற் போனவர்களின் வீடுகளை நம் சகோதரிகள் அறிவார்கள். அவர்களை வீழ்த்தியது பெரும்பாலும் ரெகியுலேட்டர் அல்ல. ஆழத்தில் நெடுநேரம் நின்றதாலும், ஒரே நாளில் பல தடவை இறங்கியதாலும், விரைவாக மேலே வந்ததாலும் உடலில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாக வெளிப்பட்டதே காரணம். எத்தனை விலை கொடுத்த கருவியும் அதைத் தடுக்காது. நல்ல கருவி இருக்கிறதென்ற துணிவில் இன்னும் ஐந்து மீற்றர் கூடுதலாக இறங்கினால் கேடு கூடும். அதேபோல் கொம்பிரசர், எஞ்சின் புகையை இழுத்துச் சிலிண்டரில் நிரப்பியிருந்தால், உலகின் சிறந்த ரெகியுலேட்டரும் அந்த நஞ்சைத்தான் ஒழுங்காக வாய்க்குக் கொடுக்கும்.

வளையல்களை வங்கியில் அடகு வைக்க வேண்டாம். அடகு ஆகுமானது, அதன் மேல் ஏறும் வட்டி ஆகாது. ஒரு படி இறங்கி வாங்கினால் சீட்டுக் காசே போதுமாகலாம். போதாவிட்டால் ஒரு வளையலை விற்றுவிடுவது மேல். கல்யாணத்துக்கு நிற்கும் மகளும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதமாக நடக்க நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். ஆகவே மகனுக்குக் கொடுப்பது அன்பளிப்பா, கடனா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். கடன் என்றால் தொகையையும் தவணையையும் எழுதி, இரண்டு சாட்சிகளோடு வைத்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்கி உழைப்பு வந்ததும் மகன் மாதாமாதம் திருப்பித் தரட்டும்.