உமிச் சாம்பலுக்கு யார் பொறுப்பு?

கரமனையாறு உள்ளிட்ட ஆறுகளில் கணக்கின்றி மணல் அள்ளப்பட்டதன் விளைவாக, 2001-இல் கேரளம் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. மணலுக்கு மாற்றாக எம்-சாண்ட் வந்துவிட்டது. ஆனால், கான்கிரீட்டில் புவி வெப்பமாதலுக்குப் பெரும்பங்கு வகிப்பது மணலல்ல, சிமென்ட். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் அதன் உற்பத்தியால் விளைவதே.

அந்த சிமென்டில் ஒரு பகுதிக்கு மாற்று, காலடியிலும் நாஞ்சில் நாட்டிலும் உள்ள அரிசி ஆலைகளின் கொல்லைப்புறத்திலேயே குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி; உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் எரித்தால், சிமென்டுடன் வினைபுரிந்து கான்கிரீட்டை இறுகச் செய்யும் தன்மை அதற்குக் கிடைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.குமார் மேத்தா 1970-களிலேயே இதனை ஆராய்ந்து நிறுவினார். சிமென்டைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுத்தந்த லாரி பேக்கர் 2007-இல் மறையும் வரை வாழ்ந்த திருவனந்தபுரத்துக்கு இது அந்நியமான சிந்தனையும் அல்ல.

பிறகு ஏன் பரவவில்லை? நெல் அவிக்கும் கொதிகலனில் உமி கட்டுப்பாடின்றி எரிகிறது. வெப்பம் மிகுந்தால் சிலிக்கா படிகமாகிப் பயனற்றுப் போகும். குறைந்தால் கரி மிஞ்சும். லாரிக்கு லாரி தரம் மாறும் பொருளைத் தூணிலும் தளத்திலும் கலக்க எந்தப் பொறியாளரும் துணியமாட்டார். அவரைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

குறை தில்லியில் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலைச் சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகள் பயன்படுத்த வேண்டும் என 1999-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணையிட்டது. 2021 அறிவிக்கையோ, பயன்படுத்தப்படாத சாம்பலுக்கு டன்னுக்கு ரூ.1,000 இழப்பீடு என்றது. உமிச் சாம்பலுக்குக் கிடைத்ததோ, 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.456 தர விதியில் ஒரு வரி: உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் பயன்படுத்தலாம். ஒப்புதல் தந்து சிக்கலில் மாட்டிக்கொள்ள எந்த அதிகாரி முன்வருவார்?

நிலக்கரிக்குக் காட்டிய கண்டிப்பில் பாதியை நெல்லுக்கும் காட்டலாம். ஆலைகளின் சாம்பலைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் ஏற்பாட்டை மத்திய அரசே செய்ய வேண்டும். கரமனையை அடுத்த பாப்பனங்கோட்டில் மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். சான்று பெற்ற சாம்பலை நடைபாதைக் கற்கள், சுற்றுச்சுவர்கள் போன்ற சிறு பணிகளில் முதலில் வாங்கிப் பயன்படுத்த வேண்டியவை அரசின் பொதுப்பணித் துறைகள்தாம். தனியார் ஒப்பந்ததாரர்கள் அல்லர்.