நிழலைக் கண்டு பெயர் சொல்லும் கலை

ஓய்வு வேளையைப் பயனுறக் கழிப்பதற்கு மனிதர் கண்ட வழிகள் அநேகம். தபால் முத்திரை சேர்ப்போர் ஒருபுறம். பழைய நாணயம் தேடுவோர் மற்றொருபுறம். குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கியிருப்போர் இன்னொருபுறம். இவர்களோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு கூட்டத்தினரும் உளர். பழைய ஆகாயவிமானம் ஒன்றின் மங்கிய படத்தை நடுவில் வைத்து, "இது யாது? எந்த நாட்டது? எக்காலத்தது?" என்று வினாவி, விடை காண்பதிலே இன்பம் துய்ப்பவர்கள் அவர்கள். யாவரும் அறிந்த விமானத்தின் படத்தை வைத்தால் ஆட்டம் சுவைக்காது. சிலவே கட்டப்பட்டு, உலகம் மறந்துவிட்ட விமானமாக அது இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் அறிவுக்கு வேலை உண்டு.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. இது பிறந்த இடம் போர்க்களம். 1939 செப்டெம்பர் 6ஆம் திகதியன்று, இரண்டாம் உலகப் போர் மூண்டு மூன்றே நாட்கள் சென்றிருந்தன. பகைவர் வருகின்றனர் என்ற பொய்ச் செய்தி இங்கிலாந்தின் கீழைக் கரையிற் பரவியது. எழுந்து சென்ற பிரித்தானிய ஸ்பிட்ஃபயர் விமானங்கள், பிரித்தானியருக்கே உரிய ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகைவருடையவை என்று கருதிச் சுட்டு வீழ்த்தின. இளம் விமானி ஒருவர் தம்மவர் கையாலேயே மாண்டார். பார்வையில் நேர்ந்த தவறு உயிரைக் குடித்தது.

போர் நீள நீள, விமானங்களை இனங்காணல் ஒரு பாடமாகவே வளர்ந்தது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் பார்த்தாற் போல, ஒவ்வொரு விமானத்தையும் கறுத்த நிழலுருவமாக வரைந்து மக்களுக்கு வழங்கினர். சீட்டுக்கட்டுகளிலும் அவ்வுருவங்களை அச்சிட்டனர். 'தி ஏரோப்பிளேன் ஸ்பொட்டர்' என்ற பத்திரிகை இதற்கெனவே 1941 முதல் 1948 வரை வெளிவந்தது. பள்ளிச் சிறுவர்கள் அதனைப் போட்டியிட்டுப் படித்தனர். போர் ஓய்ந்தபின், உயிர்காக்கக் கற்ற அந்தப் பாடம் பொழுதுபோக்காக எஞ்சி நின்றது.

நமது கொழும்பு மாநகரும் இப்பாடத்தைக் கற்றதுண்டு. 1942 ஏப்பிரல் 4ஆம் திகதி, தென்னிலங்கையின் கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கற்றலீனா என்னும் கடல்விமானம், ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. அதனைச் செலுத்தியவர் லெனர்ட் பேர்ச்சோல் என்ற கனேடியர். செய்தி அனுப்பிய சிறிது நேரத்தில் அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையும் தாக்கப்பட்டது. அதனைக் கொலன்னாவை எண்ணெய்க் குதம் என்று பகைவர் மயங்கினர் என்பது நெடுங்காலமாகக் கொழும்பில் வழங்கும் பேச்சு. மண்ணிலிருந்து விண்ணைப் பார்ப்பவருக்கு மட்டுமன்று, விண்ணிலிருந்து மண்ணைப் பார்ப்பவருக்கும் பார்வைத் தெளிவு வேண்டும் போலும்!

அன்று கொழும்பைக் காக்க எழுந்த விமானங்கள் எவை என்று கேட்டால், ஹரிக்கேன் என்று பலரும் விடை கூறுவர். அது பாதி விடையே. இரத்மலானையிலிருந்து ஃபுல்மார் என்னும் விமானங்களும் எழுந்தன. கப்பற்படைக்கென ஃபெயரி நிறுவனத்தார் செய்த இரண்டு ஆசன விமானம் அது. ஏறக்குறைய 600 கட்டப்பட்டன. இன்று உலகில் முழுமையாக எஞ்சியிருப்பது ஒன்றே. அது இங்கிலாந்தில் கடற்படை விமான அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. இத்தகைய விமானங்களே இவ்வாட்டத்திற்குச் சுவை கூட்டுவன.

இனி, ஆட்டத்தின் விதிகளைக் காண்போம். பெயர்களை மனனம் செய்தல் இதற்கு முதற்படியன்று. கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதே முதற்படி. இறக்கை உடலின் மேற்புறத்தில் உள்ளதா, கீழ்ப்புறத்தில் உள்ளதா? எஞ்சின்கள் எத்தனை, அவை எங்கே பொருந்தியுள்ளன? வால் எவ்வடிவினது? தரையில் நிற்கும்போது மூன்றாம் சில்லு மூக்கின் கீழ் உள்ளதா, வாலின் கீழ் உள்ளதா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டால், நூறு விமானங்களில் தொண்ணூறு தாமாகவே விலகிவிடும். எஞ்சிய சிலவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கே நுண்ணிய பார்வை வேண்டும்.

முற்கூறிய கற்றலீனாவையே எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை உடலின்மேல் நேரே அமையாது, ஒரு தண்டின்மீது குடைபோல உயர்ந்து நிற்கும். எஞ்சின் இரண்டு. விலாப்புறத்தில் கண்ணாடிக் குமிழ்கள் தோன்றும். அக்காலத்தில் இங்கு வந்துபோன சண்டர்லண்ட் என்ற மற்றொரு கடல்விமானத்திற்கோ எஞ்சின் நான்கு, உடலும் ஆழமானது. இரண்டும் நீரில் இறங்குவனவாயினும், ஒன்றை மற்றொன்றாக மயங்க இடமேயில்லை. 1943 முதல் 1945 வரை இக் கற்றலீனா விமானங்களே ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே, சுமார் 3,500 கடல்மைல் தூரத்தை, 27 முதல் 33 மணி நேரம் இடையறாது பறந்து கடந்தன. மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற இயலாது. வழியில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டமையால், அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் வழங்கலாயிற்று.

சற்றே கடினமான புதிர் இதோ. ஒற்றை எஞ்சின், நீண்ட மூக்கு, தாழ்ந்த இறக்கை, வாற்சில்லு. அவசரக்காரர், "ஸ்பிட்ஃபயர்!" என்று கூவிவிடுவர். அவர்மீது முற்றும் குற்றமில்லை. மூக்கினுள் இருப்பது ஸ்பிட்ஃபயரில் இருந்த அதே ரோல்ஸ் ரோய்ஸ் மேர்லின் குலத்து எஞ்சினே. ஆயினும் விமானி அமரும் கூண்டைக் கவனியுங்கள். அது அகன்றிருக்கின்றது. ஆசானும் மாணாக்கனும் அருகருகே அமர்ந்து கற்பதற்காக அமைந்தது அது. விமானத்தின் பெயர் போல்ட்டன் போல் பேலியல். ஒக்ஸ்போர்ட்டிலுள்ள கல்லூரி ஒன்றின் பெயரைத் தாங்கியது. 1951இல் தோன்றிய அரச இலங்கை விமானப் படை இவ்வகையில் 12 விமானங்களை வாங்கியது. பிரித்தானியாவுக்கு வெளியே இதனை வாங்கிய நாடு இலங்கை ஒன்றே. உலகம் மறந்த அவ்விமானத்தை இன்றும் இரத்மலானை விமானப் படை அரும்பொருட்சாலையில் நேரிற் காணலாம். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே சிறிது தூரம் சென்றாற் போதும்.

சகோதரரைப் பிரித்தறியும் புதிரும் உண்டு. டி ஹவிலண்ட் நிறுவனத்தாரின் டவ், ஹெரன் என்ற இரண்டும் நம் விமானப் படையிற் பணிபுரிந்தவையே. முகச்சாயல் இரண்டிற்கும் ஒன்று. தம்பியாகிய ஹெரன் அண்ணனிலும் நீண்டது. டவ் விமானத்திற்கு எஞ்சின் இரண்டு, ஹெரனுக்கு நான்கு. முகத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர் இங்கே ஏமாறுவர். எயர் சிலோன் நிறுவனம் 1969இல் பெற்ற ட்ரைடென்ட் விமானமும் அவ்வாறே. வாற்புறத்தில் மூன்று எஞ்சின்கள் இருத்தலால், பலர் அதனைப் போயிங் 727 என்பர். முன்னின்று நோக்கினால் உண்மை விளங்கும். ட்ரைடென்டின் மூக்குச் சில்லு நடுவில் இராது. சுமார் 2 அடி இடப்புறம் விலகி நிற்கும்.

"இவற்றை அறிந்து ஆவதென்ன?" என்று வீட்டிலுள்ள பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அவர்களுடைய அலுமாரியிலேயே இருக்கின்றது.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதன்பின் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அவ்வழியே பிரயாணம் செய்தன. கல்விக்குப் புறப்பட்ட மகன், மணமுடித்துச் சென்ற மகள், தலயாத்திரை போன பாட்டனார் என, விமானத்தைப் பின்னணியாகக் கொண்டு எடுத்த படங்கள் பல வீடுகளில் உள்ளன. பெரும்பாலானவற்றில் திகதி இல்லை. நிற்பவர் யாரென்று சொல்லக்கூடியவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அங்கே பின்னால் நிற்கும் விமானம் சாட்சி சொல்லும்.

வால் தரையிற் பதிந்து, மூக்கு வானை நோக்கி நின்றால், அது டக்கோட்டா எனப்படும் டி.சி.-3. எயர் சிலோன் அதனை நெடுங்காலம் வைத்திருந்தமையால், படம் 1947க்கு முந்தியதன்று என்பதற்கு மேல் அது ஒன்றும் உரைக்காது. மூக்குச் சில்லும் தாழ்ந்த இறக்கையும் உடைய இரட்டை எஞ்சின் விமானமாயின், அது அவ்ரோ 748 ஆகலாம்; எனவே 1964க்குப் பிந்தியது. இறக்கை மேற்புறத்தில் இருந்தால், எயர் சிலோன் வைத்திருந்த நோர்ட் 262ஐ எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடலிலுள்ள எழுத்துகளும் உதவும். முதலில் 'வி.பி.-சி', பின்னர் 'சி.வை.', 1950களின் இடையிலிருந்து '4ஆர்' என இலங்கை விமானங்களின் குறியெழுத்துகள் மாறி வந்துள்ளன. ஓரெழுத்துத் தெளிவாகத் தெரிந்தாலும் பத்தாண்டுகளின் மயக்கம் தீர்ந்துவிடும்.

1983 யூலையிலும் அதன் பின்னரும் வீடிழந்து பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றிற்கு, ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியவர்கள் கையிலுள்ள ஒவ்வொரு படமும், அக்குடும்பத்தின் சரித்திரத்தில் ஓர் ஏடு. அதனைப் பெயரற்றதாக விட்டுவிடுதல் தகுமா? ஆதலின் இளைஞர்களே, இன்று மாலை வீட்டிலுள்ள பழைய படங்களைப் பெரியவர்களின் முன் விரித்து வையுங்கள். நிற்பவரின் பெயரை அவர்களிடம் கேளுங்கள். விமானத்தின் பெயரை நீங்கள் தேடுங்கள். கண்டதைப் பென்சிலால் பின்புறத்தில் எழுதுங்கள். ஊகமாயின் 'ஊகம்' என்றே எழுதுங்கள். துணிந்து எழுதிய பிழை, எழுதாத வெறுமையிலும் கேடு விளைப்பது. பின்வருவோர் அதனையே உண்மையெனக் கொள்வர்.

ஹெந்தளைக் கரையிலிருந்து பார்க்கும்போது, இன்று கட்டுநாயக்காவை நாடும் விமானங்களிற் பல ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். அவற்றுள்ளும் வேறுபாடு காணப் பழகிய கண்ணுக்கு, வேறெங்கும் வேறுபாடு காண்பது அரிதன்று.

இவ்வாரப் புதிர்: உடல் மீன்போல் வளைந்தது. எஞ்சின் நான்கு, நான்கிற்கும் சுழல்விசிறி உண்டு. வாலில் நிமிர்ந்து நிற்கும் செட்டைகள் மூன்று. 1950களின் பிற்பகுதியில் எயர் சிலோனின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்தது. அது எது? விடை அடுத்த ஞாயிறன்று.